கல்லிடைக்குறிச்சி வீட்டு சர்வர்: பேக்கப்பின் சாவி யாரிடம் இருந்தது?

ஆனித் தேர் முடிந்த வாரத்தில் ஒரு நாள் காலை, கல்லிடைக்குறிச்சியில் அப்பளத் தொழில் செய்யும் ஒரு வீட்டில் கணக்கு மென்பொருளான டேலியைத் திறந்தால் கம்பெனிப் பட்டியல் காலியாக இருந்தது. ஆபீஸ் அறையில் இருந்த நாஸ் பெட்டிக்குள் (வீட்டுக் கோப்புகளை எல்லாம் பொதுவாகச் சேமிக்கும், நெட்வொர்க்கில் இணைந்த டிஸ்க் பெட்டி) போய்ப் பார்த்தால் கோப்புகள் எல்லாம் அங்கேயேதான் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக ஒரு வால் ஒட்டியிருக்கிறது, எதுவும் திறக்கவில்லை, ஃபோல்டருக்கு ஃபோல்டர் பணம் கேட்டு ஒரு டெக்ஸ்ட் கோப்பு. ரேன்சம்வேர். கடைக் கணக்கு முழுவதும், இரண்டு கல்யாண ஆல்பம், வீட்டுப் பெரியவரின் மணிவிழா வீடியோ, பேரப்பிள்ளைகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் என எல்லாம் ஒரே ராத்திரியில் பூட்டப்பட்டுவிட்டன.

வீட்டுக்காரர்களின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரும் தெருவும் வேண்டாம் என்றார்கள், அது சரிதான். நாஸ் எந்தக் கம்பெனி, இணைப்பு யாருடையது என்பதையும் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அதே அமைப்பில் வேறு எந்தப் பெட்டி இருந்திருந்தாலும் இதே கதிதான். இந்த ஆய்விலிருந்து நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: அடிபடக்கூடிய மெஷினிடம் அதன் பேக்கப்பின் சாவி இருக்கக் கூடாது. ஃபயர்வால், பாஸ்வேர்டு, அப்டேட் எல்லாம் அவசியம்தான், அதையும் சொல்கிறேன், ஆனால் இந்த ஒன்று சரியாக இருந்திருந்தால் அன்று காலை பதினோரு மணிக்குள் வேலை வழக்கம்போல ஓடியிருக்கும்.

முன்பு என்ன இருந்தது

பழைய அக்ரஹாரத்து வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, பின்கட்டு என்று முன்தெருவிலிருந்து பின்தெரு வரை ரயில் மாதிரி நீளம். ரேழியை ஒட்டிய அறையில் ஆபீஸ், பின்கட்டில் அப்பளப் பட்டறை, மொட்டை மாடியில் காயப்போடும் இடம். மாடியில் ஒரு இரும்புக் கம்பத்தில் கேமரா, வாசலில் ஒன்று, பட்டறையில் இரண்டு. ஃபைபர் இணைப்பு, கேமராவை வெளியிலிருந்து பார்ப்பதற்காக மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டி நிலையான ஐபி முகவரியும் வாங்கியிருந்தார்கள்.

நாஸில் இரண்டு டிஸ்க், ரெய்டு 1, அதாவது ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும். பின்னால் ஒரு யூஎஸ்பி டிஸ்க் நிரந்தரமாகச் செருகியிருந்தது, தினமும் ராத்திரி நாஸ் தன்னுடைய கோப்புகளை அதில் நகல் எடுக்கும். மூத்த மகன் பெங்களூரில் இருக்கிறார், அவர் படங்களைப் பார்ப்பதற்காக நாஸின் நிர்வாகப் பக்கத்தையே ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு செய்து, அதாவது வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழி திறந்து, வைத்திருந்தார்கள். கேமரா போட்டவர் டிவிஆருக்கும், அதாவது கேமராப் பதிவுப் பெட்டிக்கும், இரண்டு போர்ட் திறந்துவிட்டுப் போயிருந்தார். காகிதத்தில் பார்த்தால் டேட்டாவுக்கு மூன்று பிரதிகள் இருந்தன, அதனால் வீட்டில் யாருக்கும் கவலை இல்லாமல் இருந்தது.

எப்படி வந்தது

முதலில் எல்லோரும் சந்தேகப்பட்டது ஆபீஸ் கம்ப்யூட்டரை. மெயிலில் வந்த எதையோ யாரோ திறந்திருப்பார்கள் என்று. அது இல்லை என்பதற்கு மூன்று தடயங்கள் போதுமானதாக இருந்தன. நாஸின் பின்னால் இருந்த யூஎஸ்பி டிஸ்க் நெட்வொர்க்கில் ஷேர் செய்யப்படவே இல்லை, ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து அதைத் தொட வழியே கிடையாது. அதுவும் பூட்டப்பட்டிருந்தது. அந்தக் கம்ப்யூட்டரின் சொந்த டி டிரைவில் ஒரு கோப்புக்குக்கூட எதுவும் ஆகவில்லை. அப்புறம் கோப்புகள் மாறிய நேரம் ராத்திரி ஒன்றே முக்காலில் தொடங்குகிறது, அந்த நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மெயின் சுவிட்சே அணைந்திருக்கும். ஆக, பூட்டியது நாஸுக்குள்ளேயே ஓடிய புரோகிராம்.

ரவுட்டரைத் திறந்து ஃபார்வர்டிங் பட்டியலைப் பார்த்தபோது மீதி விளங்கிவிட்டது. போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் அந்த நிலையான ஐபியைப் போட்டால், நாஸின் லாகின் பக்கம் உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. நாஸின் உள்மென்பொருளான ஃபர்ம்வேர் மூன்று வருஷத்துக்கு மேல் பழையது. கூடவே யூபிஎன்பி இயங்கிக்கொண்டிருந்தது, அது வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவி கேட்டாலும் ரவுட்டர் தானாகப் போர்ட் திறந்துவிடும் வசதி.

வீட்டுக்கார அண்ணாச்சி கேட்டார்: “தம்பி, நம்ம கல்லிடைல கெடக்குற பெட்டிய எவன் தேடிக்கிட்டு வரப்போறான்?”

நியாயமான கேள்வி, எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். யாரும் கல்லிடைக்குறிச்சியைத் தேடவில்லை. ஐபிவி4 என்ற பழைய முறை இன்டர்நெட் முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2013-இல் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி, ஒரு ஜிகாபிட் இணைப்பு இருந்தால் அத்தனை முகவரிகளிலும் ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று முக்கால் மணி நேரத்துக்குள் பார்த்துவிடும். பத்து வருஷத்துக்கும் முந்தைய கதை இது. கதவு திறந்திருக்கிறதா என்று தெருத்தெருவாகத் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன, அவற்றுக்கு ஊர் பேர் தெரியாது, தெரியவும் வேண்டாம். 2016-இல் மிராய் என்ற பாட்நெட் (பிடித்த கருவிகளை ஒரே கையில் ஆட்டிவைக்கும் கூட்டம்) இதே வழியில்தான் லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது, கையில் வைத்திருந்தது கம்பெனி போட்டுக்கொடுத்த அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகள் மட்டுமே. அந்த அக்டோபரில் டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை (தளங்களின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது) அவை மொத்தமாகத் தாக்கியபோது அமெரிக்காவில் பெரிய பெரிய தளங்களே நின்றுபோயின.

ரெய்டு 1 ஏன் காப்பாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நம்பிக்கை நம் பக்கத்தில் மிக ஆழமாக இருக்கிறது. டிஸ்க் ஒன்று கெட்டால் மற்றது ஓடும், அதற்கு மட்டும்தான் அது. கோப்பு அழிந்தால் இரண்டிலும் அழியும், பூட்டப்பட்டால் இரண்டிலும் பூட்டப்படும். யூஎஸ்பி டிஸ்க்கின் கதை அதைவிட மோசம், அதில் எழுதும் உரிமை நாஸிடமே இருந்ததால், நாஸுக்குள் வந்தவனுக்கு அது இன்னொரு ஃபோல்டர், அவ்வளவுதான்.

மீட்டது, மீளாதது

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி, பெட்டியை அணைத்து, மூன்று டிஸ்க்குகளையும் வெளியே எடுத்து, வேறு ஒரு லினக்ஸ் மெஷினில் டிடிரெஸ்க்யூ வைத்துப் புது டிஸ்க்குகளில் அச்சாக நகல் எடுத்த பிறகுதான் வேறு எதையும் தொட்டோம். மீட்புக் கருவி எதையும் மூல டிஸ்க்கில் ஓட்டவே கூடாது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகார் பதிந்தோம். 2016-இல் நெதர்லாந்து போலீசும் யூரோபோலும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய நோ மோர் ரேன்சம் தளத்தில் ஒரு மாதிரிக் கோப்பை ஏற்றிப் பார்த்தோம், இந்த வகைக்குத் திறப்பான் அப்போது வரவில்லை. ஆனாலும் பூட்டிய டிஸ்க்குகளைத் தூக்கிப் போடவில்லை, போலீசார் கும்பலைப் பிடித்துச் சாவிகள் வெளியான சந்தர்ப்பங்கள் பல உண்டு.

பணம் கட்டுவதா என்ற பேச்சு ஒரு நாள் முழுக்க ஓடியது. கட்ட வேண்டாம் என்றுதான் சொன்னேன், இன்றும் அதையேதான் சொல்வேன். கட்டினாலும் சாவி வருமா என்பதற்கு எவனும் பொறுப்பில்லை, வந்தாலும் அது சரியாகத் திறக்குமா என்பதற்கும் இல்லை, கட்டிய காசு அடுத்த வீட்டைப் பிடிக்கத்தான் போகும்.

கணக்கு மீண்டது ஆடிட்டரால். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அவரிடம் மார்ச் வரைக்கும் ஒரு பிரதி இருந்தது. ஏப்ரலுக்கு அப்புறம் உள்ளதை பில் புத்தகத்தைப் பார்த்துத் திரும்ப ஏற்ற வேண்டியதாயிற்று. வேறு தொழிலாக இருந்தால் ஜிஎஸ்டி போர்ட்டலில் தாக்கல் செய்ததை இறக்கிக்கொள்ளலாம், அப்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதனால் போர்ட்டலில் அந்த விற்பனை பில் வாரியாக இல்லை. அண்ணாச்சியின் மருமகள், பி.காம் படித்தவர், கடைக் கணக்கு அவர் கையில்தான், இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அத்தனை பில்லையும் ஏற்றினார்.

படங்களில் பாதி வந்தது, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சில ரேன்சம்வேர்கள் பூட்டிய பிரதியைப் புதிதாக எழுதிவிட்டு மூலக்கோப்பை வெறுமனே அழிக்கும். அழித்த இடத்தின் மேல் வேறு எதுவும் எழுதப்படாதவரை போட்டோரெக் போன்ற கருவி அதைத் தோண்டி எடுத்துவிடும். யூஎஸ்பி டிஸ்க் பாதிதான் நிரம்பியிருந்தது, அதனால் அங்கிருந்து ஏராளமான படங்கள் கிடைத்தன, பெயர் இல்லாமல், ஃபோல்டர் இல்லாமல், வெறும் எண்களாக. படத்துக்குள்ளேயே எடுத்த தேதி பதிவாகியிருக்கும், அதை வைத்து வருஷ வாரியாகப் பிரித்துவிட்டோம். ஒரு கல்யாண ஆல்பம் ஸ்டூடியோவில் இருந்தது. மணிவிழா வீடியோ வரவில்லை. பெரிய கோப்புகள் டிஸ்க்கில் துண்டு துண்டாகக் கிடக்கும், அவற்றை இந்த முறையில் சேர்ப்பது அநேகமாக நடக்காது. பெரியவர் இப்போது இல்லை, அவர் குரல் இருந்த ஒரே வீடியோ அது. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், இன்றைக்கே இன்னொரு டிஸ்க்கில் போட்டு, கேபிளைக் கழற்றி, பீரோவில் வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம் செய்துகொள்ளலாம்.

புது மெஷின்

புதிதாக நாஸ் வாங்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஆபீஸ்களிலிருந்து கழித்து விற்கும் எட்டாம் தலைமுறை ஐ5 டெஸ்க்டாப், சின்ன கேஸ், உள்ளே இரண்டு 3.5 இன்ச் டிஸ்க் வைக்க இடம் உள்ளது, 16 ஜிபி ரேமோடு 15,000 ரூபாய்க்குள் கிடைத்தது. கையளவு கம்ப்யூட்டரான ராஸ்பெரி பை ஏன் இல்லை என்று பெங்களூர் மகன் கேட்டார். எஸ்டி கார்டில் ஓடி, யூஎஸ்பியில் டிஸ்க் தொங்கி, கரண்ட் போய்ப் போய் வரும் இடத்தில் கணக்கை வைக்க எனக்கு மனசு ஒப்பாது. டிஸ்க்கோடு சேர்த்து சும்மா இருக்கும்போது 25 வாட் அளவில் இழுக்கிறது, மாதம் 18 யூனிட், இரண்டு மாத பில்லில் 36. வீட்டுக்கு இது பாரம் இல்லை.

இந்த வீட்டில் வன்பொருளுக்கு முதல் எதிரி தூசி. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்தபோது பிராசஸர் மேலே இருக்கும் ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே உளுந்து மாவு அடைத்து, சாரல் காலத்து ஈரத்தில் இறுகி, மேலே சாம்பல் நிறத்தில் ஒரு தோல் மாதிரி பிடித்திருந்தது, விரல் நகத்தால் சுரண்டினால் பட்டை பட்டையாக வந்தது. ஃபேன் சுற்றுகிறது, காற்று போக வழி இல்லை. பிரஷ்ஷால் போகவில்லை, ஹீட்சிங்க்கைக் கழற்றிச் சுத்தம் செய்து புதுத் தெர்மல் பேஸ்ட் போட வேண்டியிருந்தது. அதனால் சர்வரைப் பட்டறைக்கு எதிர்த் திசையில், கூடத்துக்கு மேலே உள்ள மச்சு அறையில் வைத்தோம். காற்று உள்ளே போகும் பக்கம் ஒரு வலை ஃபில்ட்டர், அதை மாதம் ஒருமுறை கழற்றித் தட்டுகிறார்கள். சித்திரை வெயிலில் டிஸ்க் சூடு 50 டிகிரியைத் தாண்டினால் போனுக்கு மெசேஜ் வரும்.

அடுத்தது எர்த். மச்சு அறை பிளக்கின் மூன்றாவது துளையில் வயரே இல்லை. கேஸைத் தொட்டால் கையில் ஜிவ்வென்று ஓடும், வீட்டில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய வீடுகளில் இது சகஜம், ஆனால் எர்த் இல்லாமல் சர்ஜ் புரொட்டெக்டர் வாங்கி மாட்டுவது வீண் செலவு, அது மின்னலைத் தள்ளிவிட ஒரு இடம் வேண்டும் அல்லவா. எலக்ட்ரீஷியனை வைத்துப் புது எர்த் குழி போட்டு, மெயின் போர்டில் சர்ஜ் கருவி மாட்டிய பிறகுதான் சர்வரை ஏற்றினோம். வீட்டு இன்வெர்ட்டரின் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதை யூபிஎஸ் பக்கம் தள்ளினால் மாறும் நேரம் குறையும், பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதற்கு மேல் சர்வருக்கு என்று யூஎஸ்பி போர்ட் உள்ள ஒரு சின்ன யூபிஎஸ். பேட்டரி தீரப்போகிறது என்று அது சொன்னதும் சர்வர் தானே முறையாக அணைந்துகொள்ளும், நட் என்ற புரோகிராம் அதைப் பார்த்துக்கொள்கிறது.

மென்பொருள் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டெபியன் லினக்ஸ், இரண்டு டிஸ்க்கும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையில் மிரர் (ஒன்றில் எழுதுவது மற்றதிலும்), ஆபீஸ் கம்ப்யூட்டர் கோப்புகளைத் திறக்க சாம்பா ஷேர், படங்களைப் பார்க்க இம்மிச் என்ற புரோகிராம். இம்மிச் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, ஆல்பம், முகம், பெயர் எல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கும், படக்கோப்புகளை மட்டும் நகல் எடுத்தால் அவை வராது, டேட்டாபேஸையும் தனியாகக் கொட்டி வைக்க வேண்டும். புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் டாக்கரில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்று, டாக்கர் திறக்கும் போர்ட்டுகள் யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலின் விதிகளைத் தாண்டிப் போகும். யூஎஃப்டபிள்யூவில் மூடிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், அது திறந்தே இருக்கும். லோக்கல் முகவரியோடு மட்டும் கட்டிவிடுங்கள்.

கதவை மூடுவது

ரவுட்டரில் இருந்த எல்லா ஃபார்வர்டிங்கையும் அழித்தோம், யூபிஎன்பியை அணைத்தோம், இணைப்பு கொடுத்தவரின் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (வெறுமனே வழிவிடும் பெட்டியாக) மாற்றி அதற்குப் பின்னால் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருள் ஓடும் ஒரு ரவுட்டர் வைத்தோம். வீடு ஒரு நெட்வொர்க், ஆபீஸ் ஒன்று, கேமராக்கள் தனி. கேமராவும் டிவிஆரும் இன்டர்நெட்டைப் பார்க்கவே முடியாது, டிவிஆரின் கிளவுட் வசதியும் அணைத்தாயிற்று.

வெளியிலிருந்து வர வயர்கார்டு என்ற விபிஎன் (இன்டர்நெட்டுக்குள் பூட்டிய தனிச் சுரங்கப் பாதை) மட்டும்தான். 2020 மார்ச்சில் வந்த 5.6 கெர்னலிலிருந்து அது லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. எனக்குப் பிடித்த குணம், சரியான கீ இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு அது பதிலே சொல்லாது. தட்டிப் பார்க்கிறவனுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. போன்களில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டோம், பெங்களூர் மகன் ஒரு பொத்தானைத் தட்டினால் வீட்டுக்குள் இருப்பதுபோலப் படங்களையும் வாசல் கேமராவையும் பார்க்கிறார். “இது முந்தியவிட லேசா இருக்குலா” என்று அண்ணாச்சியே சொன்னார், முன்பு போர்ட் எண்ணோடு சேர்த்து முகவரியைத் தட்ட வேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்ததும் மொபைல் டேட்டாவிலிருந்து, திறந்த போர்ட்டுகளைத் தேடும் என்மேப் ஓட்டிப் பார்த்தோம். ஐபிவி4-க்கு மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது. புதிய முறையான ஐபிவி6-இல் வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் உலகம் பார்க்கக்கூடிய முகவரி கிடைக்கும், பல கருவிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கும் நாட் என்ற மறைப்பு அங்கே இல்லை, ரவுட்டரின் ஃபயர்வால்தான் ஒரே காவல். அதையும் தனியாகச் சோதியுங்கள்.

பாளையிலிருந்து இழுப்பது

இதுதான் மையம். பேக்கப்பைச் சர்வர் அனுப்பக் கூடாது, வேறு ஒரு மெஷின் வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

அண்ணாச்சியின் தங்கை வீடு பாளையங்கோட்டையில் இருக்கிறது. அங்கே ஒரு சின்ன பழைய மினி பிசியும் ஒரு பெரிய டிஸ்க்கும் வைத்தோம். அந்த வீட்டு இணைப்பில் ரவுட்டருக்கே கிடைக்கும் முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்டது, அதாவது சிஜிநாட், பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரி. வெளியிலிருந்து யாரும் அங்கே நேராக உள்ளே வர முடியாது. சர்வர் வைக்கிறவர்கள் எல்லோரும் சலித்துக்கொள்ளும் விஷயம் இது, பேக்கப் மெஷினுக்கோ இதைவிட நல்ல இடம் கிடையாது.

ராத்திரி இரண்டு மணிக்குப் பாளை மெஷின் தானாக வயர்கார்டு வழியாகக் கல்லிடைக்கு வருகிறது, சர்வரில் ஸ்னாப்ஷாட்டை (அந்த நேரத்து நிலையை உறையவைத்த பிரதி) அனுப்ப மட்டுமே உரிமை உள்ள ஒரு பயனராக நுழைகிறது, முந்தின நாளுக்கு அப்புறம் மாறியதை மட்டும் இழுத்துக்கொள்கிறது, இணைப்பைத் துண்டிக்கிறது. சர்வரிடம் பாளை மெஷினின் பாஸ்வேர்டும் இல்லை, கீயும் இல்லை. நாளைக்கு எவனாவது சர்வருக்குள் வந்து நிர்வாகி உரிமையே எடுத்துக்கொண்டாலும், சர்வரில் உள்ள ஸ்னாப்ஷாட் எல்லாவற்றையும் அழித்தாலும், பாளையில் இருக்கும் பழைய பிரதிகளை அவனால் தொட முடியாது. எதை எத்தனை நாள் வைப்பது என்று தீர்மானிப்பது பாளை மெஷின். முப்பது நாள் தினசரிப் பிரதி, அதற்கு மேல் மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு.

பூட்டப்பட்ட கோப்புகளையே அது இழுத்துக்கொண்டால்? இழுக்கும், புதிய பிரதியாக. பழையது அடியில் அப்படியே இருக்கும். அதோடு இந்த வீட்டில் ஒரு நாளைக்கு மாறுவது இரண்டு மூன்று ஜிபி, ஒரு ராத்திரியில் 50 ஜிபிக்கு மேல் வந்தால் பாளை மெஷின் இழுப்பதை நிறுத்திவிட்டு மெசேஜ் அனுப்பும். கல்யாணம், சடங்கு என்று படம் குவியும் நாட்களில் இந்த மெசேஜ் வரத்தான் செய்யும், வந்தால் பார்த்துவிட்டு விடச் சொல்ல வேண்டியதுதான்.

முதல் முழுப் பிரதியை இணையம் வழியாக அனுப்ப முயலாதீர்கள். 1.6 டிபி, 20 எம்பிபிஎஸ் அப்லோடு என்றால் ராப்பகலாக ஒரு வாரத்துக்கு மேல். வீட்டிலேயே டிஸ்க்கை நிரப்பி, செங்கோட்டை – நெல்லை ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுபோய் மாட்டியாயிற்று. அந்த டிஸ்க் முழுக்க லக்ஸ் முறையில் பூட்டியது, யாராவது திருடிக்கொண்டு போனாலும் படங்களைப் பார்க்க முடியாது. கரண்ட் போய் வந்தால் மருமகள் இந்த வேலைக்கென்று வைத்த தனிக் கீயோடு போனிலிருந்து உள்ளே போய்ப் பாஸ்வேர்டு கொடுத்துத் திறக்க வேண்டும், அதற்குப் பாளை மெஷின் கிளம்பியதும் கல்லிடைக்கு ஒரு சுரங்கம் போட்டுக் காத்திருக்கும்.

மூன்றாவது பிரதி, கேபிள் கழற்றிய டிஸ்க், பீரோவில். அமாவாசை அன்று பட்டறை லீவு, மருமகள் அன்றைக்கு அதை எடுத்து மாட்டி, நகல் முடிந்ததும் கழற்றி உள்ளே வைக்கிறார். காலண்டரில் தனியாகக் குறிக்க வேண்டியதே இல்லாத நாள் என்பதால் இதுவரை தவறவில்லை.

சோதனை

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பாளைப் பிரதியிலிருந்து டேலி ஃபோல்டரை எடுத்து வேறு ஒரு லேப்டாப்பில் திறந்து, ஏதாவது ஒரு வாடிக்கையாளரின் பாக்கியை பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இந்தச் சோதனையை நான் செய்யாமல் மருமகளையே செய்யச் சொன்னேன், நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்கவில்லை. முதல் தடவை ஒரு நல்ல விஷயம் வெளிப்பட்டது: உறைக்குள் வைத்திருந்த லக்ஸ் பாஸ்வேர்டில் ஓர் இடத்தில் இருப்பது பூஜ்யமா, ஓ எழுத்தா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

“அண்ணே, நாளைக்கு நான் இல்லாத நேரத்துல இத மாமா பாத்தாங்கன்னா?” என்றார்.

அன்றைக்கே ஆறு சாதாரண வார்த்தைகள் சேர்ந்த பாஸ்வேர்டாக மாற்றி, தெளிவாக எழுதி, எந்த வரிசையில் எதைத் திறப்பது என்ற ஒரு பக்கக் குறிப்போடு உறையில் போட்டு வைத்தோம். பாஸ்வேர்டைத் தாளில் எழுதுவது தப்பு என்று பயமுறுத்துவார்கள். பீரோவுக்குள் இருக்கும் தாளை இன்டர்நெட்டிலிருந்து எவனும் படிக்க முடியாது.

நிஜமான சோதனை ஐப்பசியில் வந்தது. மலையடிவார ஊர்களில் அந்த மாதத்து இடி எப்படி இருக்கும் என்பது நம் பக்கத்தாருக்குத் தெரியும். மாடிக் கேமராவின் கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கோ விழுந்தது, கேமராவும் அதற்குக் கரண்ட் கொடுக்கும் மாடி ஸ்விட்ச்சும் போயின. அதற்கு மேல் எதுவும் போகவில்லை. மாடியிலிருந்து கீழே வரும் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு, இரண்டு பக்கமும் மின் சிக்னலை ஒளியாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் வைத்து நடுவில் ஃபைபர் போட்டிருந்தோம். ஈத்தர்நெட் போர்ட்டுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தாங்குவது 1500 வோல்ட், மின்னல் தூண்டும் வோல்டேஜுக்கு அது எம்மாத்திரம். தாமிரக் கம்பியாக இருந்திருந்தால் கீழே உள்ள ஸ்விட்ச், டிவிஆர், ரவுட்டர், சர்வர் என்று வரிசையாகப் போயிருக்கும். கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது. ஆனால் மாடி ஸ்விட்ச்சுக்குப் போகும் கரண்ட் வயர் தாமிரம்தான், அந்த வழியைப் பார்த்துக்கொண்டது போர்டில் இருந்த சர்ஜ் கருவியும் புது எர்த்தும். சர்ஜ் கருவியில் பச்சையாக இருக்க வேண்டிய ஜன்னல் சிவப்பாக மாறியிருந்தது, அதாவது அடியை வாங்கிக்கொண்டு அது செத்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும். இடி விழுந்த மறுநாள் அந்த ஜன்னலைப் பார்க்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் வேண்டும்.

மார்கழியில் மிரரில் ஒரு டிஸ்க்கின் ஸ்மார்ட் பட்டியலில் (டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் எண்கள்) 197 என்ற எண்ணுக்கு நேராக இருந்த பூஜ்யம் 8 ஆனது. படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் எண்ணிக்கை அது. 8 என்பது சின்ன எண்தானே என்று விடவில்லை, வாரன்டியில் மாற்றிக்கொண்டோம். மாற்றும் நேரத்தில்கூட ஆபீஸ் வேலை நிற்கவில்லை.

இப்போது ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நிலையான ஐபியை நிறுத்தப்போவதாக இணைப்பு கொடுப்பவர் சொல்லிக்கொண்டிருக்கிறார், அப்படியானால் கல்லிடையும் சிஜிநாட்டுக்குப் பின்னால் போய்விடும், பாளையும் அங்கேயே, இரண்டும் நேராகப் பார்த்துக்கொள்ள முடியாது. முதலில் ஐபிவி6 வழியாக முயன்று பார்ப்போம், இரண்டு வீட்டிலும் அது வருகிறது. முடியாவிட்டால் மும்பையில் ஒரு சின்ன விபிஎஸ், அதாவது டேட்டா சென்டரில் இருக்கும் சர்வரில் ஒரு பங்கு, வாடகைக்கு எடுத்து, இரண்டு பக்கமும் அதற்கு வயர்கார்டு போட்டு, அதன் வழியாகச் சந்திக்க வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் விபிஎஸ்ஸில் ஒரு சுரங்கம் முடிந்து இன்னொன்று தொடங்கும், அந்த இடத்தில் பாக்கெட் பூட்டில்லாமல் திறந்துதான் இருக்கும். பேக்கப், தனக்கென்று பூட்டு உள்ள எஸ்எஸ்ஹெச் இணைப்புக்குள் போவதால் அதற்குக் கவலை இல்லை. இம்மிச்சுக்கு மட்டும் அதற்கு முன்னால் அதே மாதிரி பூட்டு தரும் டிஎல்எஸ் சான்றிதழ் போட்டாக வேண்டும், அதைத்தான் இந்த வாரம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.